பூண்டுச் சாஸ், நாலாவது ஈடு

நூல் மாதிரி விட வேண்டுமாம் எண்ணெயை. எந்த நூல், தையல் நூலா, பூக்கட்டுகிற நூலா, அதைச் சொல்ல மாட்டார்கள், சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு நூல் என்று சொன்னால் வேலை முடிந்தது, மிச்சம் செய்கிறவள் தலையில். முதல் ஈட்டில் நான் விட்டது நூல் இல்லை, கிணற்றுக் கயிறு, ஒத்துக்கொள்கிறேன். அரை டம்ளர் ஃபிரிட்ஜ் பால், எட்டுப் பல் பூண்டு, வெந்நீரில் ஊறிய மிளகாய் வத்தல் ஆறு, மிக்ஸியை ஓடவிட்டு மூடியில் இருக்கிற ஓட்டை வழியாக ஒரு டம்ளர் எண்ணெயையும் சளக்கென்று விட்டேன், மேலே எண்ணெய் மிதக்க அடியில் ரோஸ் கலரில் ஒரு தண்ணீர் நின்றது, பல் தேய்த்துக் கொப்பளித்த மாதிரி. இரண்டாம் ஈட்டில் கயிறு சணலாயிற்று, ஆனால் நிறுத்தாமல் ஓட்டியதில் ஜார் சூடேறிப் பால் திரிந்து போனது. ஹோம் சயின்ஸ் சிஸ்டர் கன்சோலாட்டா இருந்திருந்தால் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து, உலகம்மாள், கடவுள் உனக்கு எல்லாம் கொடுத்தார், பொறுமையை மட்டும் வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார் என்பார். பத்தாம் வகுப்பில் மயோனைஸ் செய்முறைத் தேர்வு, முட்டை தொட மாட்டேன் என்று நான் நிற்க, சைவப் பிள்ளைகளுக்கு ஃப்ரூட் சாலட் என்று சொல்லி ஒதுக்கி உட்காரவைத்தார்கள். வாழைப்பழத்தை நறுக்கிக்கொண்டே எதிர் மேசையில் செலின் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இதற்கு எதற்கு இத்தனை நேரம், நானாக இருந்தால் இரண்டு நிமிஷம் என்று நினைத்தேன். முப்பத்தாறு வருஷம் கழித்து இப்போது தெரிகிறது எதற்கு என்று. தெரிந்து என்ன, செலினிடம் போய்ச் சொல்லவா முடியும்.

பவித்ரா வாயால் வந்த வினை, இல்லை, என் வாயால் வந்தது. மதுரை ஹாஸ்டலிலிருந்து போன வாரம் போன். அம்மா, லீவுக்கு ரிஸ்வானாவையும் கூட்டிட்டு வாரேன், அவளுக்கு நிலக்கடலை ஆகாது, துளி பட்டால் உதடு வீங்கி மூச்சு முட்டும், ஒரு தடவை ஆஸ்பத்திரி வரைக்கும் போயாச்சு, இங்க கடைத்தெருவில் எல்லாரும் காலிஃப்ளவர் பொரிச்சதை அந்தப் பூண்டுச் சாஸில் முக்கித் தின்னுவோம், காரமா, வெண்ணெய் மாதிரி இருக்கும், அவ மட்டும் வெறும் காலிஃப்ளவரைக் கடிச்சிட்டு உட்கார்ந்திருப்பா, என்ன எண்ணெய்னு கடைக்காரனுக்கே தெரியாது, பாவமா இருக்கும்மா. நான் கேட்டேனா, யோசித்தேனா, அது என்ன பெரிய காரியம், நான் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் ஒரு தடவை செய்து பார்த்ததில்லை. நீ செய்வேன்னு அவள்ட்ட அப்பவே சொல்லிட்டேன்மா என்றாள் கழுதை. எங்க அம்மா கைக்கு எது சிக்கினாலும் சரியா வரும்னு சொன்னேன். இந்த மாதிரி ஒரு வார்த்தையைக் காதில் வாங்கிவிட்டு எந்தப் பொம்பளை, எனக்குத் தெரியாது, கடையில் வாங்கிக்கோ என்பாள். நான் சொல்ல மாட்டேன். கடலைச் சட்னி அரைத்த ஜார் வேண்டாமென்று பெட்டி பிரிக்காத புது ஜாரைப் பிரித்தேன், கரண்டி புதுசு, கிண்ணம் புதுசு. செய்தால் சுத்தமாகச் செய்வேன்.

மூன்றாம் ஈடு. ஜார், பிளேடு, பால் மூன்றும் ஃபிரிட்ஜில் இருந்து வருகின்றன. ஒரு சுற்று, நிறுத்து. ஒரு ஸ்பூன் எண்ணெய். ஒரு சுற்று, நிறுத்து. பூண்டு நசுங்குகிறது, எனக்கு அதன் சத்தம்தான் தெரிகிறது. எட்டுப் பல் பச்சைப் பூண்டு மூக்குக்கு நேரே அரைபடுகிறது, எனக்கு அது வெள்ளைக் காகிதம். இப்போது சொல்லிவிட்டேன், மனசுக்குள்தானே, யார் கேட்கப் போகிறார்கள். சித்திரையில் ஒரு காய்ச்சல், நாலு நாள், சாதாரணக் காய்ச்சல்தான், விட்ட அன்று காலையில் காப்பி டம்ளரைத் தூக்கினால் வெந்நீர். டிகாக்‌ஷன் போட மறந்துவிட்டேனா என்று பார்க்கிறேன், கறுப்பாகத்தான் இருக்கிறது. மல்லிகைப்பூ, சூடம், சாம்பிராணி, பெருங்காயம், ஒன்றும் இல்லை. நாக்கிலும் உப்பும் புளிப்பும் அடுத்த தெரு ஒலிபெருக்கி மாதிரி எங்கேயோ கேட்கின்றன, காரம் மட்டும் எரிச்சலாக வருகிறது. பாங்குக்குப் போகிறேன் என்று சொல்லி டாக்டரிடம் போனேன். சின்னப் பையன், காது கேட்காதவளிடம் பேசுகிற மாதிரி, அம்மா, வாசனை வரும், வராமலும் போகலாம், புரியுதா என்றான். நான் இங்கிலீஷில் நாலு கேள்வி கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். தினம் இரண்டு வேளை எலுமிச்சைத் தோலையும் கிராம்பையும் மோந்து பழகச் சொன்னான். பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு திருடி மாதிரி மோந்துகொண்டிருக்கிறேன், எட்டு மாசமாக. ஒரு சுற்று, நிறுத்து. ஒரு ஸ்பூன்.

யாருக்கும் தெரியாது. தெரிய வழியே இல்லை, அதுதான் இந்த வீட்டின் வேடிக்கை. கல்யாணமாகி வந்த முதல் வாரம், குழம்பில் உப்புப் பார்க்க உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினேன். அத்தை பார்த்தார்கள். திட்டவில்லை, கொட்டவும் இல்லை, அந்தச் சட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு வேறு சட்டியில் வேறு குழம்பு வைத்தார்கள். சாமிக்கு எடுத்து வைக்கிற வரைக்கும் சமைக்கிறவள் நாக்கில் எதுவும் படக் கூடாது. சரி, பார்க்காமல் வைக்கத் தெரியாதா எனக்கு என்று அன்றைக்கு ஆரம்பித்தது, இருபத்தாறு வருஷம், கல் உப்பைக் கை அள்ளுகிற விதத்திலேயே தெரியும் இத்தனை பேருக்கு இவ்வளவு என்று. நான் ருசி பார்த்து இந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை, அதனால் இப்போது பார்க்க முடியாதது யாருக்கும் தெரியவில்லை. மூக்கு செய்த வேலையைக் கண்ணுக்கும் காதுக்கும் பிரித்துக் கொடுத்தேன். வெங்காயம் வதங்கியதா, ஓரம் கண்ணாடியாகும். ரசம் இறக்கலாமா, நுரை கூடி ஒரு மாதிரி முனகும். மிச்சத்தை அத்தான் முகம் சொல்லும். கல்லூரி லைப்ரரியில் முப்பது வருஷம் வாய் திறக்காமல் இருந்த மனுஷர், முகத்தில் மட்டும் எல்லாம் அச்சாகும், இரண்டாம் கை சோற்றுக்குக் குழம்பு கேட்டால் சரியாக வந்திருக்கிறது. ஒரு நாள் பால் அடிப்பிடித்துக் கருகி, வீடு பூரா வாடையாம், நான் பக்கத்தில் நின்று கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறேன். என்ன உலகு என்று ஓடி வந்தார். திரட்டுப்பால் கிண்டலாம்னு விட்டேன், நீங்க கெடுத்திய என்றேன். நம்பினார். கேஸ் திருகை ஆறு தடவை தொட்டுப் பார்க்கிறேன். படுத்தபின் எழுந்து போய் ஏழாம் தடவை. இரண்டு வேளை குளிக்கிறேன், என்மேல் வாடை வந்தால் எனக்கு யார் சொல்வார்கள்.

சத்தம் மாறுகிறது. இவ்வளவு நேரம் சலசலவென்று ஓடியது, இப்போது அடித்தொண்டையில் இழுக்கிறது, பிளேடு எதிலோ மாட்டிக்கொண்டு வெளியே வர மனசில்லாத மாதிரி. இன்னும் ஒரு ஸ்பூன். இன்னும் ஒன்று. இப்போது நூல், நிஜமாகவே நூல், கை நடுங்காமல். களக், களக், பிறகு ஒன்றுமில்லை, மிக்ஸி ஓடுகிறது, உள்ளே இருப்பது அசையவில்லை. திறந்தால் மலை. மலை மாதிரிச் சிகரம் வைத்து நிற்கிறது, இளஞ்சிவப்பில், வத்தல் பொடி அங்கங்கே சிவப்புப் புள்ளியாக. ஜாரைக் கவிழ்த்துப் பிடித்தேன், விழவில்லை. எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்டு மறுபடி ஒரு சுற்று, இன்னும் இறுகிற்று. செலின், வந்து பார். முட்டை இல்லாமல், மூக்கு இல்லாமல், அக்கம்பக்கத்தில் ஒருத்தியைக் கேட்காமல். வழித்துக் கிண்ணத்தில் விட்டு ஓரத்தைத் துணியால் துடைத்து, மேலே ஸ்பூன் முதுகால் ஒரு சுழி போட்டேன், கடையில் போடுவார்களே அது மாதிரி. எண்ணெய்த் தூக்கை எடுத்த இடத்தில் வைக்கத் திரும்பினேன். அலமாரித் தட்டில் பூப்போட்ட பேப்பர் விரித்திருக்கிறது. நேற்றுவரை அங்கே செய்தித்தாள்தான் இருந்தது.

இரண்டு தூக்கு. ஒரே கடை, ஒரே அளவு, ஒரே பளபளப்பு, என் நாத்தனார் கிரகப்பிரவேசத்துக்கு ஜோடியாகக் கொடுத்தது. இடது சூரியகாந்தி, வலது செக்குக் கடலெண்ணெய். வருஷக்கணக்காக அப்படித்தான், அதற்கு ஒரு சீட்டு ஒட்ட வேண்டுமென்று எவளுக்குத் தோன்றும், மூடியைத் திறந்தால் அதுவே சொல்லுமே நான் யார் என்று. பிள்ளை வருகிறாள் என்று நேற்று மத்தியானம் நான் கோயிலுக்குப் போயிருந்தபோது அத்தான் அலமாரி துடைத்திருக்கிறார். எல்லாவற்றையும் இறக்கி, துடைத்து, திரும்ப ஏற்றியிருக்கிறார். இரண்டிலும் ஒரு ஸ்பூன் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இது கொஞ்சம் மஞ்சளா, அதுவா. புதுச் செக்கில் ஆட்டியது, வெளுப்பாகத்தான் இருக்கிறது. விரலில் தேய்த்தேன். எண்ணெய் எண்ணெயாகத்தான் இருக்கிறது. குனிந்து மோந்தேன், என்ன வெட்கம் கெட்ட மூக்கு, எட்டு மாசத்தில் இந்த ஒரு நிமிஷம், இந்த ஒரு தடவை, ஒன்றுமில்லை. அத்தான், இந்த எண்ணெய்த் தூக்கு ரெண்டையும் எங்கன எங்கன வச்சிய என்று உள்ளிருந்தே கேட்டேன், குரலை மாற்றாமல். ஹாலில் பேப்பர் மடங்குகிற சத்தம். எனக்கு என்ன ஞாபகம் உலகு, எங்கனயோ வச்சேன், மோந்து பாத்தாத் தெரியும்லா.

தெரியும்தான். வாசலில் ஆட்டோ. பவித்ரா சிரிப்பு, கூட இன்னொரு சிரிப்பு, மெல்லிசாக, புது வீட்டில் சிரிக்கிற சிரிப்பு. யோசி. இதை எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, வரவில்லை, முறிந்துவிட்டது என்று சொல்லலாம். ஆபத்து இல்லை, சொதப்பினேன் என்ற பேர் மட்டும். அந்தப் பேர் எனக்கா, இந்த மலையைச் செய்துவிட்டா. இல்லை, எண்ணெய் தீர்ந்துபோச்சு, புதுப் பாக்கெட் வாங்கி வாருங்கள் என்று அத்தானை அனுப்பலாம், இரண்டு தூக்கிலும் எண்ணெய் கிடக்கிறதே என்று எட்டிப் பார்ப்பார், பார்த்தால் பார்க்கட்டும், அதற்கும் ஒரு திரட்டுப்பால் சொல்லிவிடுவேன். பொய் எனக்குக் கஷ்டமில்லை, எட்டு மாசப் பழக்கம். ஆனால் பூப்போட்ட பேப்பர். அத்தான் பழைய செய்தித்தாளையே திரும்ப விரித்திருந்தால் எனக்குச் சந்தேகமே வந்திருக்காது. சுழி போட்ட கிண்ணத்தைச் சிரித்துக்கொண்டே அந்தப் பிள்ளை முன்னால் வைத்திருப்பேன். பயமில்லாமல் சாப்பிடு, என்ன எண்ணெய் என்று எனக்குத் தெரியும் என்று வேறு சொல்லியிருப்பேன், கண்டிப்பாகச் சொல்லியிருப்பேன், அந்த வாக்கியத்தைத்தான் காலையிலிருந்து தயார் செய்து வைத்திருந்தேன். அந்தப் பிள்ளையின் அம்மா காயல்பட்டினத்தில் எந்த நேரம் என்ன போன் வருமோ என்று இருப்பாளாயிருக்கும். இன்றைக்குப் பேப்பர் காப்பாற்றியது. நாளைக்கு எது.

அம்மா, வாசம் ஆட்டோ வரைக்கும் தூக்குது என்று பவித்ரா நேரே அடுக்களைக்கு வந்துவிட்டாள், பை தோளில், செருப்பை மட்டும் விட்டுவிட்டு. கிண்ணத்தைப் பார்த்தாள். ஐயோ அம்மா, கடையிலகூட இப்படி நிக்காது, என்று சொல்லி ஒரு ஸ்பூனை எடுத்து முக்கி, அங்கேயே நக்கியிருந்தாலாவது பரவாயில்லை, ரிஸ்வானா, ஏய், வாயைத் திற என்று ஹால் பக்கம் திரும்பினாள். மணிக்கட்டைப் பிடித்தேன். நான் அவளைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது. வை அதை. ஒரு ஸ்பூன்மா. வைன்னு சொன்னேன். வைத்தாள். இந்த ரெண்டு தூக்கையும் மோந்து பாத்து எது என்னன்னு சொல்லு. வளையலைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். என்னம்மா, வைவா பரீட்சை வைக்கியா. சொல்லு. குனிந்தாள், இடதில் ஒரு நொடி, வலதில் ஒரு நொடி, அவ்வளவுதான், அவ்வளவு சுலபம். இடது கடலெண்ணெய், வலது சன்ஃபிளவர். நல்லாப் பாத்துச் சொல்லு. கண்ணை மூடிட்டே சொல்லுவேன், வறுத்த கடலை வாடை அப்படியே அடிக்கி, உனக்கு அடிக்கலையா.

அடிக்கல, சித்திரையிலேருந்து எனக்கு எதுவும் அடிக்கல, இந்தச் சாஸில் ஊத்தினது இடது தூக்கு, அந்தப் பிள்ளையைக் கிட்ட விடாதே, நீயும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. ஒரே மூச்சில் சொன்னேன், மளிகைச் சீட்டு வாசிக்கிற மாதிரி. அவள் ஸ்பூனைத் தொட்டியில் போட்டுவிட்டு முழங்கைவரை கழுவினாள், தண்ணீரை மூடவில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது. சித்திரையிலேருந்தா. ஆமா. அப்ப சித்தி மக மறுவீட்டுக்கு அறுபது பேருக்குச் சொதி வச்சியே. வச்சேன். தீபாவளிக்கு முந்திரிக்கொத்து, எனக்கு ஹாஸ்டலுக்குக் கொடுத்துவிட்ட புளியோதரை. அதுவும்தான். ரசம்லாம் எப்படிம்மா. தினம் வைக்கேன், என்ன எப்படி. அவள் கண் நிறைகிறது, எனக்கு அதுதான் வேண்டாம் என்று எட்டு மாசம் இத்தனை பாடு. அழறதுன்னா வெளிய போய் அழு, இங்க வேலை கிடக்கு என்றேன். ஆனால் அவள் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, நான் ஒவ்வொன்றுக்கும் ஆமா, ஆமா என்று சொல்லச் சொல்ல, அது பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பரிசுப் பட்டியல் வாசிக்கிற மாதிரி ஆகிவிட்டது, நீட்னஸ், எலக்யூஷன், எல்லாவற்றுக்கும் ஒரே பேர். இதையா ஒளித்து வைத்திருந்தேன். இதையா பீரோவுக்குள் போட்டுப் பூட்டினேன்.

அத்தான் நிலைப்படியில் நிற்கிறார், எப்போது வந்தார் தெரியவில்லை, லைப்ரரிக்காரர் நடை. அப்ப உப்பு, என்றார். என்ன உப்பு. ஆவணியிலேருந்து குழம்புல உப்புக் கொஞ்சம் தூக்கலா இருக்கி. எனக்குத்தான் நாக்குச் செத்துட்டு வருதுன்னு நெனச்சேன், எங்க அப்பாவுக்கும் அறுபதுலதான் ஆரம்பிச்சுது, அதான் உங்கிட்ட ஒண்ணும் சொல்லல. எவ்வளவு தூக்கல். ஒரு கல்லு. ஒரு கல்லு உப்புக்கு நாலு மாசம் பயந்துட்டு இருந்தியளா. நீ எட்டு மாசம்லா, என்றார். பவித்ரா அழுகையும் சிரிப்புமாக மூக்கை உறிஞ்சுகிறாள், அவளுக்கு இருக்கிறது, உறிஞ்சட்டும். ஒரு கல். அறுபது பேர் சொதியில் யாரும் சொல்லவில்லையே, அதில் எத்தனை கல் கூடியிருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்த மனசை இழுத்து நிறுத்தினேன். நின்னு பாக்காம கடைக்குப் போங்க, ஒட்டுப் பிரிக்காத சூரியகாந்திப் பாக்கெட், பின்னால என்ன போட்டிருக்குன்னு கண்ணாடி மாட்டிப் படிச்சுட்டு வாங்குங்க.

ரிஸ்வானாவிடம் நானே போய்ச் சொன்னேன். ஒல்லிப் பிள்ளை, தாவணி மாதிரி துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு சோபா நுனியில் உட்கார்ந்திருந்தது. இது இது நடந்தது, தெரியாமல் கடலெண்ணெய் விட்டுவிட்டேன், எனக்கு மூக்கு வேலை செய்யாது, அந்தக் கிண்ணம் மூடி மொட்டை மாடிக்குப் போயாச்சு, புதுசாகச் செய்யப் போகிறேன், உனக்குப் பயமாக இருந்தால் சாப்பிட வேண்டாம், எனக்கு ஒன்றும் இல்லை. எனக்கு ஒன்றும் இல்லை என்பது மட்டும் பொய். அது எழுந்து அடுக்களைக்கே வந்துவிட்டது. பவித்ரா அதை வாசலோடு நிற்கவைத்து, மேடையைத் துடைத்து, ஜாரைப் பிளேடைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் மூன்று தடவை அலசினாள். பாக்கெட்டை வெட்டி மோந்தாள், ஒண்ணுமே அடிக்கல, ஊத்து என்றாள். ஊற்றினேன். நாலாவது ஈடு, நூல் மாதிரி, மூன்று பேர் கண்ணும் என் கையில். பவித்ரா விரலில் தொட்டு நக்கினாள். பச்சைப் பூண்டு தூக்கலா இருக்கும்மா, ரெண்டு பல்லுக் குறைச்சிருக்கலாம். உங்க மதுரைக் கடையில் குறைப்பானாயிருக்கும், இங்க எட்டுதான். உப்பு? இன்னும் ஒரு சிட்டிகை. இப்ப? போதும். போதும் என்று ஒருத்தி சொல்லி நான் உப்பு டப்பாவை மூடுவது இந்த அடுக்களையில் இதுதான் முதல் தடவை, மூடினேன், கையொன்றும் உடைந்துவிடவில்லை. காலிஃப்ளவரையும் அந்தப் பாக்கெட் எண்ணெயிலேயே பொரித்து எடுத்தேன்.

ரிஸ்வானா முதலில் நுனியால் தொட்டது. காத்திருந்தது. நாங்கள் அதைவிடக் காத்திருந்தோம், பவித்ரா அதன் உதட்டையே பார்க்கிறாள், அத்தான் சும்மா நிற்கிற மாதிரி ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்திருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு துண்டை முழுசாக முக்கி வாயில் போட்டது, காரத்தில் கண்ணில் தண்ணீர், இன்னொன்று, இன்னொன்று, தட்டைக் கீழே வைக்காமல். கிண்ணத்தில் பாதி காலியான பிறகுதான் நிமிர்ந்தது. ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதிய, மூக்கில்லாமலே இப்படின்னா, மூக்கோட செஞ்சிருந்தா எப்படி இருக்கும். பவித்ரா அதன் தொடையில் கிள்ளினாள். அத்தான் என் முகத்தைப் பார்த்தார், இத்தனை நாள் நான் அவர் முகத்தைப் பார்த்த மாதிரி. நான் அடுத்த ஈட்டுக் காலிஃப்ளவரை வடித்து அந்தப் பிள்ளை தட்டில் போட்டேன்.

இப்படித்தான் இருக்கும் என்றேன்.